முள்ளின் மேல் உட்கார்ந்த ராஜா

ஒரு காட்டில் ஒரு காவியம் இருந்தது. அதன் பெயர் ‘வரிவேங்கை விசயம்’. காட்டில் அதைப் போற்றாத மிருகம் இல்லை. படித்த மிருகமும் இல்லை.

படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வருஷா வருஷம் பங்குனியில் புலவர் தேனப்பன் என்கிற கரடி, தன் அப்பா சொல்லிக்கொடுத்தபடி அதை மேடையில் பாடுவார். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் முதல் புலிராஜா போருக்குப் போனாராம். வழியில் ஒரு துரோகி முள்ளம்பன்றி பதுங்கியிருந்து அவரைக் குத்திவிட்டதாம். அதனால் போர் போச்சாம். அந்த இடம் வந்ததும் கூட்டம் எழுந்து நின்று, மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் முள்ளம்பன்றியின் மேல் மாங்காய் எறியும்.

பன்னிரண்டு வருஷமாக அப்படி உட்கார்ந்தவர் பொன்னுரங்கம். சாது. வீடு திரும்பும்போது முதுகெல்லாம் மாங்காய் குத்தி நிற்கும். அவர் மனைவி கோமளவல்லி ஒன்றொன்றாகப் பிடுங்கிப் போடுவாள்.

“வலிக்குதாங்க?”

“மாங்காய் வலிக்கல. அணில்கூட எறியுது பாரு, அதான்.”

அவர் இப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் கோமளவல்லி நாவல் எழுத உட்கார்ந்தாள். முதலில் செல்போனில் தட்டிப் பார்த்தாள். திரை கீறிப்போனது. பிறகு தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தோய்த்துக்கொண்டாள். இரண்டு வருஷம் எழுதினாள். அவள் கதையில் முள்ளம்பன்றி யாரையும் குத்தவில்லை. அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. ராஜாதான் கீழே பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்தார்.

நாவல் வெளிவந்த மூன்றாம் நாள் காடு கொந்தளித்தது. அரசாங்கக் குகை வாசலில் ‘மனம் புண்பட்டோர் விண்ணப்பம்’ வாங்க ஆற்றங்கரை வரை வரிசை நின்றது. ஜன்னலில் குமாஸ்தா ஆமை.

“நூலைப் படித்தீரா என்கிற கட்டத்துல என்ன எழுதணும் சார்?” என்று கேட்டது ஒரு குரங்கு.

“படிச்சீங்களா?”

“ஐயோ, இல்ல. படிச்சா மனசு புண்படும்னாங்க.”

“அப்ப சரியான வரிசையிலதான் நிக்கிறீங்க. படிச்சவங்களுக்கு அடுத்த ஜன்னல்.”

அடுத்த ஜன்னலில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

வழக்கு குகைக்குள் நடந்தது. உள்ளே இப்போதைய புலிராஜா, தேனப்பன், கோமளவல்லி, பொன்னுரங்கம், எழுதிக்கொள்ள ஆமை. மற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

“மகாராஜா! இந்த அம்மா மூலத்தைச் சிதைத்துவிட்டார். தடை செய்ய வேண்டும்” என்றார் தேனப்பன்.

“மூலத்துல என்ன இருக்கு?”

“நான் பாடுவதுதான் இருக்கிறது.”

“ஏட்டைக் கொண்டு வாரும்.”

தேனப்பன் பட்டுத்துணியில் சுற்றிய ஏட்டைத் தயங்கித் தயங்கி எடுத்து வந்தார். “தொட்டால் பொடிந்துவிடும் மகாராஜா. எங்கள் அப்பாவே அவிழ்த்ததில்லை.”

ராஜா விடவில்லை. பட்டுத்துணி அவிழ்ந்தது. செல்லரித்த ஏட்டைப் பிடித்துக்கொண்டு அவரே வாசித்தார்.

“‘களைத்த வேந்தன் கீழே பாராது அமர்ந்தான். உறங்கிய முள்ளம்பன்றி ஐயோ என்றது. வேந்தனும் ஐயோ என்றான்.’” ராஜாவின் குரல் இறங்கியது. “‘போருக்கு அஞ்சியிருந்த வேந்தனுக்கு அந்தப் புண் நல்ல சாக்காயிற்று. அதைக் காட்டி அவன் ஊர் ஊராக விருந்துண்டான்.’”

ஆமை எழுதுவதை நிறுத்திவிட்டது.

பொன்னுரங்கத்தின் கண் கலங்கியது. “கோமளம், கேட்டியா? அந்தக் காலத்துலயே ஒருத்தர் நம்ம பக்கம் இருந்திருக்காரு!”

கோமளவல்லியின் முட்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. “அப்ப நான் எதுக்கு ரெண்டு வருஷம் எழுதினேன்?” என்றாள். ராஜா பயந்தாங்கொள்ளி என்று எழுத அவளுக்கும் ஆசைதான். பயந்து விட்டுவிட்டாள். அந்தப் பழைய புலவன் பயப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

தேனப்பன் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். “காப்பி, மகாராஜா! வரிக்கு வரி காப்பி!”

“இவ்வளவு நேரம் சிதைச்சுட்டாங்கன்னீரே?”

“அது மூலத்தைக் கேட்பதற்கு முன்னால்.”

ராஜா வெகுநேரம் மீசையை நக்கிக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். மூல ஏடு மக்கள் மனதைப் புண்படுத்துகிறது. அதைப் பூட்டி முத்திரை வைக்க வேண்டும். அதில் இருப்பதை வெளியே சொல்வது குற்றம். நாவலை விற்கலாம். ஆனால் முதல் பக்கத்தில் ‘இது முற்றிலும் கற்பனை, மூலத்துக்கு நேர் எதிரானது’ என்று அச்சிட வேண்டும்.

வெளியே வரிசையில் நின்றவர்கள் வெற்றி என்று கைதட்டினார்கள். எதில் வெற்றி என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாசகத்துக்குப் பிறகு நாவல் பிய்த்துக்கொண்டு விற்றது. அடுத்த பங்குனியில் மாங்காய் எறிவதை நிறுத்தவில்லை, மரபு அல்லவா? ஆனால் நாவல் வாங்கியவர்கள் எறிவதற்கு முன்னால், “மன்னிச்சுக்கங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். பொன்னுரங்கத்துக்கு அதுவே போதுமாயிருந்தது.

அதே மேடையில் கோமளவல்லிக்கு ‘மரபை உடைத்த நாவலாசிரியர்’ விருது கொடுத்தார்கள். தலைமை தேனப்பன். “இந்த அம்மா மூலத்தில் இல்லாத ஒன்றைத் துணிந்து கற்பனை செய்தவர்” என்று புகழ்ந்துவிட்டுப் பொன்னாடையைப் போர்த்தினார்.

கோமளவல்லி மைக்கைப் பிடித்தாள். ‘இது மூலத்திலேயே இருக்கிறது, எனக்கு முன்னாலேயே ஒருவர் எழுதிவிட்டார்’ என்கிற வாக்கியம் தொண்டை வரை வந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்தாள். கையில் இருந்த விருதைப் பார்த்தாள்.

“நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நீதி: பழைய நூலை எதிர்த்து எழுத நினைப்பவர் அதைப் படித்துவிடக் கூடாது, அது தன்னைவிடத் துணிச்சலாக இருந்து தொலைக்கும்.