இருபத்து மூன்றாவது கிதார்

வேலையைத் தொடங்காமலேயே காலம் தள்ளுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தொடங்கிவிட்டுப் பாதியில் கம்பி நீட்டுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு இனத்தையும் ஊரும் உறவும் போதுமான அளவு திட்டியாகிவிட்டது. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. இவர்களை யாரும் திட்டுவதில்லை. எப்போது போய்ப் பார்த்தாலும் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருப்பவரை எந்த முகத்தோடு திட்டுவது? வேலையை ஒழுங்காகத் தொடங்கி, ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக முடித்தும்விடுவார்கள். முடித்ததைக் கையைவிட்டு அனுப்ப மட்டும் மாட்டார்கள். கடைசித் திருத்தக்காரர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அடையாளம் காண்பது சுலபம். ‘வேலை முடிந்ததா?’ என்று கேளுங்கள். சோம்பேறி தலையைச் சொறிவார். பொய்யர் முடிந்துவிட்டது என்பார். நம்மவர் முகம் மலர்ந்து, முடிந்த மாதிரிதான், இன்னும் ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி என்பார். அந்தச் சின்ன விஷயத்துக்குள் இரண்டு வருஷம் கால் நீட்டிப் படுத்திருக்கும்.

எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு என்றாலும், சீனாவின் ஷென்ஜென் நகரத்து மண்ணில்தான் இந்தப் பயிர் செழித்து வளர்கிறது. காரணம் இருக்கிறது. மற்ற ஊர்களில் ஒரு திருகை மாற்ற ஆசை வந்தால் அந்தத் திருகு வந்து சேர ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஆசை தணிந்துவிடும். இங்கே காலையில் ஆசைப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் நானூறு வகைத் திருகு ஸ்கூட்டரில் வந்து வாசலில் நிற்கிறது. புதிதாக ஒரு மின்பலகை வேண்டுமா? நாளை இதே நேரத்துக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதன் எதைத்தான் முடிப்பான்?

பாவ்ஆன் வட்டாரத்தில், கீழே நூடுல்ஸ் கடையும் மேலே பட்டறைகளுமாக இருக்கும் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் வெங் குவோசொங் என்பவர் இருக்கிறார். வயது நாற்பத்தெட்டு. தேநீருக்குப் பேர்போன சாவோஷான் பக்கத்துக்காரர்; ஆகவே மேசைமேல் தேநீர்த் தட்டு, தட்டில் கட்டைவிரல் உயரக் கோப்பைகள். கைக்கடியில் ஆறு தொழிலாளிகள். அவருடைய தொழில் கூட்டாளி கே யூலான் பொம்மைப் பியானோ செய்யும் ஆலையில் பதினான்கு வருஷம் மேற்பார்வையாளராக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு இவரை நம்பி வந்தவள். நம்பி வந்து நான்கு வருஷம் ஆகிறது.

இவர்கள் செய்வது பார்வைக்குக் கிதார், ஆனால் கிதார் இல்லை. கழுத்தில் கம்பிகளுக்குப் பதிலாக வரிசை வரிசையாக ரப்பர் பொத்தான்கள். மீட்டுவதற்கு மட்டும் வயிற்றுப் பக்கத்தில் ஆறு குட்டைக் கம்பிகள். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள், எந்தக் கம்பியை எவ்வளவு வேகமாக மீட்டினீர்கள் என்று பக்கத்திலிருக்கும் கணினியிடம் கோள் சொல்லும். கணினி அதைக் கிதாராகவோ புல்லாங்குழலாகவோ கோயில் மணியாகவோ ஒலித்துக் காட்டும். இந்தக் கோள் சொல்லும் பாஷைக்கு மிடி என்று பெயர். வெளிநாட்டுக் கருவி ஒன்று வாங்க ஒரு தொழிலாளி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்கவேண்டும். அதையே முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது யுவானுக்குத் தருவேன் என்று வெங் சபதம் செய்தார். சொன்னபடி செய்தும் காட்டினார். அதுதான் பத்தொன்பதாவது மாதிரி. பொத்தான் மெத்தென்று அமுங்கியது, சுரம் பிசகவில்லை, விலையும் சபதத்துக்குள் அடங்கியது. யூலான் அன்றைக்குத் தொழிலாளிகளுக்கு ஆரஞ்சுப்பழம் வாங்கிக் கொடுத்தாள்.

ஆரஞ்சுப்பழத் தோல் காய்வதற்குள் வெங்குக்குக் கழுத்தின் வளைவு பிடிக்காமல் போயிற்று. இருபதாவதில் வளைவைத் திருத்தினார், விலை ஏறிவிட்டது. விலையை இறக்க இருபத்தோராவதில் பிளாஸ்டிக்கை மெலிதாக்கினார்; மீட்டும்போது கடகடவென்று ஆடியது. ஆட்டத்தை நிறுத்த இருபத்திரண்டாவதில் உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்தார். தோள் வலிக்கும் அளவுக்குக் கனத்தது. கனத்தைக் குறைக்கச் சட்டங்களை எடுத்து, சட்டம் இல்லாததால் பிளாஸ்டிக்கைத் தடிமனாக்கி, தடிமனில் அந்த வளைவு வராததால் வளைவைக் கைவிட்டு இருபத்து மூன்றாவதைச் செய்தார். இது பத்தொன்பதாவதைப் போலவே இருக்கிறதே என்றாள் யூலான். பார்ப்பதற்கு அப்படித்தான் தெரியும் என்றார் வெங்.

இந்த இனத்தாரிடம் அவர்கள் செய்த பொருளைப் பாராட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாராட்டாதீர்கள். பாராட்டியவருக்கு விஷயம் தெரியாது என்று அப்போதே முடிவு கட்டிவிடுவார்கள். வெங்கின் அறைக்கு யார் வந்தாலும், கருவியை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்பே அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். வந்தவர் இவர் சொல்லாத ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டாலோ, மாப்பிள்ளை உபசாரம்தான். முதல்தரத் தேயிலை வெளியே வரும். மூன்றாம் மாடிப் பை வியாபாரி ஒருவன் நல்ல தேநீருக்காகவே வாரம் ஒரு குறையோடு மேலே ஏறி வந்துகொண்டிருந்தான்.

குறை சொல்லத் தெரியாதவர் ஃபான் டீச்சர். லோங்ஹுவாவில் வெளியூர்த் தொழிலாளிகளின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பாட்டு வகுப்பு எடுப்பவர். போன ஏப்ரலில் வந்து பத்தொன்பதாவதை வாசித்துப் பார்த்துவிட்டு, என் வகுப்புக்கு நாற்பது வேண்டும் என்று அங்கேயே கேட்டார். அவருடைய பிள்ளைகள் எட்டுப் பேர் படுக்கும் அறைகளில் வசிக்கிறார்கள். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் பழகக்கூடிய வாத்தியம், அதுவும் அப்பா வாங்கித் தரக்கூடிய விலையில், அவர் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு மாதத்தில் தருகிறேன் என்றார் வெங். ஏப்ரல் போயிற்று. பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போனார்கள். டிசம்பரில் டீச்சர் மறுபடியும் வந்தார்.

வெங் இருபத்து மூன்றாவதை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் மடியில் வைத்து ஒரு தாலாட்டை வாசித்தார். பட்டறையில் ஆறு பேரும் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போது வெங் எழுந்து போய்க் கருவியை அவர் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பொத்தான் மயிரிழை தாமதமாக எழும்பியதாம்.

“சார், எனக்கு ஒண்ணும் தெரியல. நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் டீச்சர்.

“உங்களுக்குத் தெரியாது டீச்சர். எனக்குத் தெரியுதே.”

“ஜூன் மாசம் ஆறாவது முடிச்சு இந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்த விட்டே போயிடும் சார். பாதிப் பேரு சொந்த ஊருக்குப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க குடுத்தாலும் வாங்கிக்க யாரு இருப்பா?”

வெங்குக்கு மனம் கசிந்தது. உண்மையாகவே கசிந்தது, இந்த இனத்தார் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அந்தப் பிள்ளைகளுக்குக் குறையுள்ள பொருளைக் கொடுப்பதா என்று இன்னும் அதிகமாகக் கசிந்து, அன்று மாலையே பொத்தானுக்குப் புது ரப்பர் வரவழைத்தார்.

இதற்கு மேல் தாமதிக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்திருந்த சமயத்தில், அவருக்கு வசந்தகாலத்து ஈரம் ஞாபகம் வந்தது. மார்ச் மாதம் தெற்கிலிருந்து காற்று அடிக்கும்போது ஷென்ஜெனில் சுவரெல்லாம் வேர்க்கும், துவைத்த துணி பத்து நாள் காயாது. அந்த ஈரத்தில் கருவி தானாகவே வாசிக்க ஆரம்பித்தால்? மார்ச் வரை பொறுத்து, சோதித்துப் பார்த்துவிட்டு உற்பத்தியைத் தொடங்குவதுதான் முறை என்றார். யூலான் கீழே நூடுல்ஸ் கடைக்குப் போய், கொழுக்கட்டை வேகவைக்கும் பெரிய மூங்கில் கூடை ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஒரு கருவியை அதில் படுக்கவைத்து ஒரு மணி நேரம் ஆவி காட்டினாள். எடுத்துத் துடைத்து வாசித்தாள். சுரம் பிசகாமல் ஒலித்தது.

“ஆவி வேற, ஈரக்காத்து வேற” என்றார் வெங்.

“ஏறக்குறைய ஒண்ணுதானே அண்ணே?”

“ஏறக்குறையன்னு ஒரு சுரம் இருக்கா யூலான்?”

அடுத்த நாளிலிருந்து பட்டறை மிகவும் அமைதியாகிவிட்டது. தொழிலாளிகள் காலையில் வந்து வணக்கம் சொல்லிவிட்டு, மூன்றாம் மாடிப் பை வியாபாரிக்கு அவசர வேலையாம், கொஞ்சம் கைகொடுத்துவிட்டு வருகிறோம் என்று இறங்கிப் போவார்கள். யூலானும் போவாள். பை வியாபாரியும் குறை சொல்ல வருவதை நிறுத்திவிட்டான். வெங்கை யாரும் எதுவும் கேட்கவில்லை, எதற்கும் அவசரப்படுத்தவில்லை. ஐந்து வாரம் இப்படி நிம்மதியாகப் போனதைத் தம்முடைய நிர்வாகத் திறமை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், சந்திர நாள்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் பதினாறாம் நாள், முதலாளி தொழிலாளிகளுக்கு வருஷ முடிவு விருந்து போடவேண்டும். அது முடிந்ததும் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்புவார்கள், ஆலைகள் பூட்டப்படும், அடுத்த ஒரு மாதத்துக்கு நகரத்தில் ஒரு திருகுகூடக் கிடைக்காது. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்பது கேள்வி. விற்பதற்கு ஒரு பொருளும் இல்லாத பட்டறைக்கு எவன் திரும்பி வருவான்? ஆறு பேரில் நான்கு பேர் வேறு இடம் பார்த்துவைத்திருந்தார்கள் என்பது வெங்கைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

விருந்தில் முழுக்கோழி வைக்கவேண்டும், தலையோடு. பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: யாருக்கு வேலை போகப்போகிறதோ அவருடைய பக்கம் கோழியின் தலையைத் திருப்பி வைப்பார் முதலாளி. வாயால் சொல்லவேண்டிய சங்கடம் கிடையாது. சாப்பிட்டுவிட்டு மரியாதையாகப் போய்விடலாம். இப்போதெல்லாம் யாரும் அப்படிச் செய்வதில்லை. முதலாளிகள் தலையைத் தங்கள் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, பயப்படாமல் சாப்பிடுங்கள் என்று சிரிப்பார்கள்.

கோழி வந்தது. வெங் வழக்கம்போலக் கையை நீட்டுவதற்குள் யூலான் தட்டைப் பிடித்துத் திருப்பினாள். தலை வெங்குக்கு நேராக வந்து நின்றது. வெங் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆறு பேரும் தங்கள் தங்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யூலான் நாற்காலிக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே பளபளவென்று ஒரு கருவி. வெங் அதைத் தொட்ட உடனே கண்டுகொண்டார். பத்தொன்பதாவது.

“மூணாம் மாடியில ஆயிரம் இருக்கு அண்ணே. அஞ்சு வாரமா பை வியாபாரி இடத்துலதான் செஞ்சுக்கிட்டிருந்தோம். நாளைக்குக் காலையில லாரி வருது. மொத நாப்பது ஃபான் டீச்சருக்கு.”

கோபம் வரும் என்று வெங்கே எதிர்பார்த்தார், வரவில்லை. வந்தது ஒருவித ஆசுவாசம். பிறகு அதைப் பார்த்து வெட்கம். நான்கு வருஷமாக யாராவது தன் கையிலிருந்து இதைப் பிடுங்கிக்கொண்டு போகமாட்டார்களா என்றுதான் காத்திருந்தோமோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

“அப்ப என்னய வேலைய விட்டு எடுத்தாச்சா?” என்றார் மெதுவாக.

“திருத்தற வேலையிலருந்து மட்டும்” என்றாள் யூலான். “தேத்தண்ணி ஊத்தறதுக்கு நீங்க வரணும். அப்புறம் இதுல முத்திரை போடணும்.”

சரக்கு நல்ல நிலையில் இருக்கிறது என்று சான்று சொல்லும் தாளை அவர் முன்னால் வைத்தாள். கம்பெனியின் சிவப்பு முத்திரை இல்லாமல் லாரி நகராது. முத்திரை எப்போதும் வெங்கின் உள்பையில்தான் இருக்கும்; குளிக்கும்போது தவிர அதை அவர் பிரிந்ததில்லை. அவர் தாளை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். திருத்துவதற்குப் பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குக் கை போயிற்று. ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கை இறங்கி உள்பைக்குப் போய் முத்திரையை எடுத்தது. மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்து, அழுத்தினார்.

முத்திரை சற்றே சாய்ந்து விழுந்திருந்தது. இன்னொரு தாள் இருக்கிறதா என்று கேட்டார். யூலான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஃபான் டீச்சர் மார்ச் மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். சுவரெல்லாம் வேர்த்திருந்த வகுப்பில், முப்பத்தெட்டுப் பிள்ளைகள் (இருவருக்குச் சளி) அந்தத் தாலாட்டை வாசித்தார்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. அது பிள்ளைகளின் குறையே தவிர, கருவியினுடையது இல்லை. புத்தாண்டுக்குப் போய்த் திரும்பி வந்திருந்த ஆறு பேரும் வெங்கைச் சுற்றி நின்று பார்த்தார்கள். வெங் அதைப் பதினொரு முறை பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், பன்னிரண்டாவது முறை பாதியில் நிறுத்தி, மூன்றாம் வரிசைப் பிள்ளையின் தோளைக் காட்டி, வார் மாட்டும் கொக்கியை ஒரு விரற்கடை மேலே வைத்திருக்கலாம் என்றார். யூலான் கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பாவ்ஆன் வெகுதூரத்தில் இருக்கிறது. உங்கள் மேசை இழுப்பறையிலும் ஏதோ ஒன்று முடிந்த மாதிரி கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். எழுதி முடித்து அனுப்பாத மன்னிப்புக் கடிதமாக இருக்கலாம். வெள்ளையடித்தும் குடிபோகாத வீடாக இருக்கலாம். பெண் வீட்டாரிடம் சொல்லவேண்டிய சம்மதமாகவும் இருக்கலாம். சின்ன வேலை ஒன்றுதான் பாக்கி என்பதும் எனக்குத் தெரியும். அது என்னவென்று என்னிடம் சொல்லவேண்டாம். உங்களுக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறாரே, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப்பாருங்கள்.