கேக்குதா பாஸான கதை

கம்ப்யூட்டர் நெட்வொர்க் பாடத்தை உலகத்தில் கோடிப் பேர் படித்திருப்பார்கள். அதை முழுசாக நம்பி, அதன்படியே வாழ்ந்தவன் ஒருவன்தான். ஓசூரில் எங்கள் வார இறுதி வகுப்பில் கடைசி பெஞ்ச். நாங்கள் வைத்த பெயர் ‘கேக்குதா’.

ஊத்தங்கரைக்காரன். எங்களைப் போலவே வாரமெல்லாம் உதிரிபாகக் கம்பெனியில் ஷிஃப்ட். சனி, ஞாயிறு எங்களோடு படிப்பு. ஒரு கம்ப்யூட்டர் எடுத்தவுடன் செய்தியை அனுப்பிவிடாது, முதலில் கூப்பிடும். மற்றது ‘கேக்குது, உனக்குக் கேக்குதா?’ என்று திருப்பிக் கேட்கும். இது ‘கேக்குது’ என்ற பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும் என்று மேடம் நடத்தினார். அன்றைக்குப் பிடித்தது சனி.

டீக்கடையில் ‘மாஸ்டர், கேக்குதா?’ என்பான்; அவரும் ‘கேக்குது, உனக்குக் கேக்குதா?’ என்று திருப்பிக் கேட்கும்வரை டீ சொல்ல மாட்டான். கன்னடக்கார மாஸ்டர் என்றால் அதையே கன்னடத்தில் ‘கேளிஸ்தா?’ என்பான். பெங்களூர் பஸ்ஸில் அவன் டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் கர்நாடக எல்லை அத்திப்பள்ளியே தாண்டிவிடும்.

இவ்வளவு பக்தி இருந்தும் அந்தப் பாடத்தில்தான் அரியர். நெட்டுரு போட்ட இங்கிலீஷ் வாய்மொழித் தேர்வில் வாயைவிட்டு வராது. இரண்டு முறை போச்சு. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. தேறினால் பட்டம், கம்பெனியில் இன்ஜினியர் வேலை. இல்லையென்றால் தூங்காமல் படித்ததெல்லாம் வீண்.

தேர்வாளர் சிரித்துப் பழகாதவர். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவே இணைப்பு எப்படி ஏற்படுகிறது என்று இங்கிலீஷில் கேட்டார். இவனுக்கு இங்கிலீஷ் ஒரு வரியும் வரவில்லை; பழக்கதோஷத்தில் தமிழில் ஆரம்பித்தான்.

“சார், நான் பேசறது கேக்குதுங்களா?”

“கேக்குது,” என்றார் எரிச்சலாக. “நான் கேட்டது உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சுங்க சார்.” தன்னையும் அவரையும் விரலால் காட்டினான். “கனெக்‌ஷன் வந்திருச்சுங்க. இதாங்க பதில்.”

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். மேஜை ஆட ஆடச் சிரித்தார். எதிர்ப்பக்கம் பதிலே வராவிட்டால் என்ன செய்வாய் என்றார், தமிழில். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்பேன், எத்தனை தடவை கேட்பேன் என்பதற்கு ஜன்னலில் நிற்பவர்களே சாட்சி என்றான். அப்புறம் கேள்விகள் வரவர, பதில்கள் பறந்தன.

மேடம் வெளியே வந்து, பாஸ், அதுவும் அன்றைக்கு எல்லோரையும்விட அதிக மதிப்பெண் என்றார். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை கத்திக்கொண்டே போனோம். கம்பெனி பஸ்ஸில் போனவர்களெல்லாம் கல்யாண மாப்பிள்ளை என்று நினைத்துக் கையசைத்தார்கள். அவனும் அசைத்தான்.

தூக்கிய எங்களில் ஒருவருக்கும் அன்று தேர்வு கிடையாது. ஷிஃப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தோம்.