கடனே வாங்காத குற்றம்

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் பெனிஸ் அவர்களுக்கு, அரவேணுவிலிருந்து உங்கள் அத்தான் நெல்சன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காள் யூனிஸும் சுகம். வீட்டுப் பின்பக்கத் தடுப்புச் சுவர் மட்டும் சுகமில்லை.

போன மாத மழையில் அது சரிந்து, மண் சமையலறை ஜன்னல்வரை வந்து நிற்கிறது. அடுத்த மழைக்குள் கட்டியாக வேண்டும், மேஸ்திரி இரண்டு லட்சம் கேட்கிறார். எஸ்டேட் ஆபீசில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்து, யாரிடமும் ஒரு ரூபாய் கடன் வாங்காமல் ஓய்வு பெற்றவன் என்ற மிடுக்கோடு வங்கிக்குப் போனேன். கடன் பிரிவில் ஷைனா என்றொரு பெண். என் பான் எண்ணைத் தட்டிவிட்டு, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க சார், நீங்க இதுவரைக்கும் கடனே வாங்குனதில்லீங்களே. குடுத்தா திருப்பிக் கட்டுவீங்கன்னு எப்படிங்க நம்பறது?"

பெருமையாகச் சொல்ல வைத்திருந்ததை அவள் குற்றமாகப் படித்துவிட்டாள், மச்சான். அடுத்த வங்கியில், ஆதாரில் ஜே. நெல்சன், பானில் நெல்சன் ஜெபமணி, இரண்டும் ஒரே ஆள்தானா என்றார்கள். ஆளே எதிரில் நிற்கிறேனே என்றேன், அது செல்லாதாம். ஒரு நிதி நிறுவனத்தில் அறுபத்திரண்டு வயது அதிகம் என்றார்கள். தவணையில் ஏதாவது வாங்கினால் நம்பிக்கை வரும் என்று யாரோ சொல்ல, ஒரு மிக்சி எடுத்தேன். தூக்கம் வராமல் மறுநாளே முழுப் பணத்தையும் கட்டித் தொலைத்தேன், என் கடன் வரலாறு ஒரே நாளில் முடிந்தது. ஐந்தாவது இடத்தில் செல்லதுரை என்ற மேலாளர், இத்தனை பேரிடம் விண்ணப்பித்ததே என் கிரெடிட் ஸ்கோரைக் குறைத்துவிட்டது, பணக் கஷ்டத்தில் இருக்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது என்றார். கஷ்டம் இல்லாவிட்டால் எதற்கு ஐயா வருகிறேன் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

நேர்மையாக வாழ்ந்தவனை மதிக்காத வங்கி எனக்கு வேண்டாம். மண்மூட்டை அடுக்கிச் சமாளிப்பேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கர்த்தர் உங்கள் வீட்டையும், முக்கியமாக அதன் சுவர்களையும் காப்பாராக.

அன்புடன்,
நெல்சன்

பி.கு.: தபாலில் போடுமுன் இதைப் படித்த யூனிஸ், என்னை ஷைனாவிடமே அழைத்துப்போய்த் தன் பெயரில் கேட்டாள். நான்கே நாளில் பணம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக மகளிர் குழுவில் கடன் வாங்கி, தையல் கூலியில் ஒரு தவணை தவறாமல் கட்டியிருக்கிறாள். மகள் லிஜியின் நர்சிங் படிப்பு என் சிக்கனத்தால் முடிந்தது என்று ஊரெல்லாம் சொன்னேனே, அது அவளுடைய நான்காவது கடனாம். ஏன் மறைத்தாய் என்றேன்.

"கடன் வாங்காத மனுஷன்னு சந்தோஷமா இருந்தீங்க. அதை ஏங்க கெடுக்கணும்?" என்றாள்.

விண்ணப்பித்த அன்று, அவளுக்கு ஜாமீன் கையெழுத்தாவது போடுகிறேன் என்று முன்வந்திருந்தேன். ஷைனா திரையைப் பார்த்தாள். என் ஸ்கோர் போதாதாம்.