பொர்தோ அண்ணையின் பொடி

லண்டன் ஹவுன்ஸ்லோவில் பொர்தோ அண்ணையைப் போல வைனை நேசித்தவர் ஒருவரும் இல்லை. அவரைப் போல வைனை விற்கத் தெரியாதவரும் ஒருவரும் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு வாய்த்து, அந்த ஆள் ஒரு கடையும் திறந்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்ட இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலையில் சேர்ந்த புதிதில், அவருடைய கடைக்கு மேலே இருந்த அறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போட்டுக்கும் வரி அலுவலகத்துக்கும் மட்டுமே தெரியும். பிரான்ஸில் இருந்து லண்டனுக்கு வந்தவர். வந்த நாள் தொடக்கம் வாயைத் திறந்தால் ‘நாங்கள் பொர்தோவில இருக்கேக்கை’ என்றுதான் ஆரம்பிப்பார். பொர்தோ என்றால் பிரான்ஸின் பெரிய வைன் பிரதேசம். கேட்கிறவர்கள் அங்கே அண்ணைக்கு ஒரு திராட்சைத் தோட்டமாவது இருந்திருக்கும் என்று நினைப்பார்கள். உண்மையை உடைத்தது அவருடைய மனைவி. எங்களுக்கெல்லாம் அவர் அக்கா. மனிதர் பிரான்ஸில் இருந்த காலமெல்லாம் பாரிஸில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினாராம். பொர்தோவுக்குப் போனது ஒரேயொரு தடவை, திராட்சை பறிக்க. அதிலும் பாதி நாள் முதுகுப் பிடிப்பில் படுக்கை.

“படுத்தாலும் பொர்தோ மண்ணிலதானே படுத்தனான்?” என்றார் அண்ணை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

கடையில் பாலும் பாணும் லொத்தர் சீட்டும் ஒரு பக்கம். மற்றப் பக்கச் சுவர் முழுவதும் வைன். அந்தச் சுவர்தான் அவருடைய உயிர். கடையின் நட்டமும் அதுதான். எங்கள் யாழ்ப்பாணச் சனத்துக்குக் குடி என்றால் விஸ்கி. விலை கூடினால் நல்லது, வயது கூடினால் இன்னும் நல்லது, பிறகு சோடாவை விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வைன் என்பது வெள்ளைக்காரர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூசுகிறவர்கள் வாங்குகிற சாமான். அப்படி ஒருவர் ஒருநாள் அவசரமாக வந்தார்.

“அண்ணை, ஒரு வைன் போத்தில் தாங்கோ. மனேச்சர் வீட்டை போறன்.”

“என்ன சமைக்கினம்?”

“தெரியாது அண்ணை.”

“தெரியாமல் என்னெண்டு வைன் தாறது? மீனோ இறைச்சியோ? இறைச்சியெண்டால் மாடோ ஆடோ? போன் அடிச்சுக் கேளும்.”

“மனேச்சரிட்டயோ? சிவப்பா ஒண்டு தாங்கோ அண்ணை, காணும்.”

“சிவப்பா ஒண்டு எண்டு கேக்க இதென்ன, அரிசியோ?”

வந்தவர் பக்கத்துக் கடையில் ஒரு சொக்கிலேற் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். அண்ணைக்கு அதில் பெரிய திருப்தி. தகுதியில்லாத ஒருவன் கையில் இருந்து ஒரு போத்தலைக் காப்பாற்றிவிட்டாராம்.

ஹவுன்ஸ்லோவுக்கு மேலால் விமானங்கள் கூரையைத் தொடுகிற மாதிரித்தான் இறங்கும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் உள்ள போத்தல்கள் கிலுகிலுக்கும். அதிர்ந்தால் வைன் குழம்பிவிடும் என்று எங்கேயோ படித்துவிட்டு, நல்ல போத்தல்களைத் தன் கட்டில் மெத்தையில் படுக்க வைத்துப் போர்த்தியும் விட்டார். அவரும் அக்காவும் தரையில் படுத்தார்கள். நான் பெட்டி ஏற்றுகிறவன் என்பதால், “உங்கடை ஆக்களுக்குச் சொல்லி இந்தப் பக்கம் பிளேன் வராமல் பண்ணேலாதோ?” என்று என்னைக் கேட்டிருக்கிறார். பகிடி இல்லை. பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றார்.

வைனை மணந்து பார்த்துப் பேசத் தொடங்கினால் தாங்காது. ஒருநாள் கிளாசுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, “இதிலை நனைஞ்ச குதிரையின்ர மணம் வருது தம்பி” என்றார்.

“குதிரையை எப்ப அண்ணை மணந்தனீங்கள்?”

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. “என்னை மணந்தது காணாதெண்டு குதிரையையுமோ?”

இப்படிப்பட்ட மனிதருக்குக் காலநிலை மாற்றம் கடவுள் அனுப்பிய பரிசு. இங்கிலாந்தில் வெயில் கூடக்கூட, கெண்டிலும் சசெக்ஸிலும் திராட்சைத் தோட்டங்கள் பெருகின. உலகம் சூடாகிறது என்று எல்லோரும் கவலைப்பட, அண்ணை மட்டும் ஒவ்வொரு வெப்ப அலைக்கும் கடையில் லட்டுக் கொடுத்தார். பால் வாங்க வருகிறவர்களை மறித்து வைத்து ஆங்கில வைன் செய்திகள் வாசிப்பார். சசெக்ஸில் அறுவடை பிந்தியது, கெண்டில் பூக்கிற காலத்தில் பனி கொட்டியது, கொடிகளைக் காப்பாற்றத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி ஏற்றினார்கள். பனிச் செய்தி வந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்து அயலில் விசாரித்துப் போனார்கள்.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். ஆங்கில வைனில் நுரைக்கிறது நன்றாக வரும். சிவப்பு மட்டும் தண்ணீராக இருக்கும். வைன்காரர் பாஷையில் சொன்னால் ‘பொடி’ இல்லை. வாயில் விட்டால் கனமாக நிற்கிற தன்மையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அது ஆங்கிலத்து ‘பாடி’. எங்கள் வாயில் அது பொடி.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் பொடி என்றால் மூக்குப்பொடியும் இல்லை, இட்லிப்பொடியும் இல்லை. செத்தவரின் உடலுக்கு எங்கள் ஆட்கள் கொடுத்த மரியாதையான பெயர் அது. ‘பொடி வந்திட்டுதோ, எத்தினை மணிக்கு எடுக்கினம்’ என்றுதான் செத்தவீட்டில் கேட்போம்.

நான் கலியாணம் முடித்துச் சவுத்தாலுக்குப் போன பிறகு நடந்தது இது. கெண்டில் ஒரு சின்னத் தோட்டக்காரி, நல்ல வெயில் அடித்த ஒரு வருடத்தில், கனமான சிவப்பு வைன் ஒன்றை வடித்துவிட்டார். அண்ணை அந்த அம்மையாரை விடாமல் போனில் பிடித்து, ஹவுன்ஸ்லோவில் அதைத் தன் கடையில் மட்டும் விற்கத் தரும்படி கேட்டார். அம்மையாருக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் ஆட்கள் வைன் குடிப்பார்களா, கடையில் ஒரு சுவைக்கும் கூட்டம் வையுங்கள், நானே வந்து சனத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அண்ணை அதற்கு முன் வைத்த சுவைக்கும் கூட்டங்களுக்கு வந்தவர்கள் நானும், தபால் முத்திரை வாங்க வந்து மாட்டிக்கொண்ட ஒரு கிழவரும்தான். அக்கா இந்த முறை தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“இஞ்சருங்கோ, உந்தப் பொம்பிளை வந்து நிக்கேக்கை சனம் இல்லாட்டி, உந்தச் சுவரில நான் வேப் சிகரெட் அடுக்குவன். பிறகு இந்த வீட்டில வைன் கதை இருக்கக்கூடாது.”

“ஓம்” என்று ஒத்துக்கொண்டார் அண்ணை. விளையாட்டில்லை என்று அவருக்குத் தெரியும். அந்தச் சுவர் போனால் அவர் பால் விற்கிற சாதாரண மனிதர்.

வைனை எடுத்து வரத் தானே கெண்டுக்குப் போனார். தோட்டத்தில் ஈரத்துக்குள் நின்று தடிமன் பிடித்து, குரல் அடைத்து, போனையும் சேற்றுக்குள் விட்டுவிட்டு வந்து படுத்தார். கடையைப் பூட்டித் திரையும் இழுத்தாகிவிட்டது. கூட்டத்துக்கு ஆட்களைக் கூப்பிட வேண்டும். குரல் இல்லாதவர் காற்றாக ஊதி ஊதிச் சொல்ல, அக்கா எல்லோருக்கும் போனில் குரல்செய்தி அனுப்பினார். கட்டிய புருஷனைப் பெயர் சொல்லும் வழக்கம் அக்காவுக்கு இல்லை, ‘இவர்’தான். வைன் என்ற சொல் மீதும் அவருக்கு வெறுப்பு, அண்ணை வாய்க்கு வாய் சொல்லும் ‘பொடி’ போதும். அதனால் செய்தி இப்படிப் போனது:

“இவற்ற பொடி வந்திட்டுது. கெண்டில இருந்து கொண்டு வந்தாச்சு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கடையில வைக்கிறம். ஏலுமான ஆக்கள் வந்து பாருங்கோ.” கடைசியில் ஒரு நீண்ட பெருமூச்சு.

ஊருக்கே செய்தி காவும் தங்கமக்கா உடனே போன் எடுத்திருக்கிறார்.

“பிள்ளை, உண்மையோடி? பெட்டியும் வந்திட்டுதோ?”

“ஓமக்கா, பின்னுக்கு வச்சிருக்கு. குளிரா இருக்கவேணுமாம், ஹீற்றரை நிப்பாட்டிப் போட்டன்.”

“நீ பாத்தனியோ?”

“இல்லை. எனக்கென்னத்துக்கு? உதாலை நான் பட்டது காணும்.”

தங்கமக்கா போனை வைத்துவிட்டு ஊருக்கு அறிவித்தார்: “மனிசி ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. விறைச்சுப் போச்சு. ஒருத்தரும் போன் எடுத்து ஆய்க்கினைப்படுத்தாதேங்கோ.”

அண்ணையின் வைன் பேச்சை அவ்வளவு காலம் கேட்ட எனக்காவது பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பொடி வந்திட்டுது என்று கேட்டால் யாழ்ப்பாணத்தான் வேறு அர்த்தம் தேடுவதில்லை, கறுப்புக் கோட்டைத்தான் தேடுவான்.

ஞாயிறு நான் வேலை முடிந்து யூனிபோமோடு போனபோது, கடைக்கு வெளியே வீதிவரை சனம். பெண்கள் வெள்ளைச் சேலையில். ஆண்கள் கறுப்புக் கோட்டில். செத்தவீட்டில் அடுப்பு மூட்ட மாட்டார்கள் என்பதால் வீட்டுக்கு வீடு இடியப்பமும் சொதியும் கொண்டு வந்திருந்தார்கள். மலர்வளையம் ஐந்தாறு. ‘கண்ணீர் அஞ்சலி’ என்று அண்ணையின் படம் போட்ட பெரிய பதாகை ஒன்றை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதில் ‘ஹவுன்ஸ்லோவின் அணையா விளக்கு’ என்றும் போட்டிருந்தது. உயிரோடு இருந்தபோது அவரை ‘அலட்டல்’ என்று சொன்னவர்தான் அதை அச்சடித்தவர்.

நாலு மணிக்கு அக்கா கதவைத் திறந்தார். சனத்தைக் கண்டு இரண்டடி பின்னுக்குப் போய் வழிவிட்டார். எல்லோரும் தலை குனிந்து, சத்தமில்லாமல், வரிசையாக உள்ளே போனார்கள். நடுவில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன்மேல் போத்தல்கள். பெட்டியைத் தேடிக்கொண்டு நின்ற சனத்தின் முன்னால், பின்கதவைத் திறந்து, கழுத்தில் ‘போ’ டையும் கையில் தட்டு நிறையக் கிளாசுமாக அண்ணை வந்தார்.

“ஐயோ!” என்று தங்கமக்கா அலறினார். “அட பாவி மனிசா, நீ உயிரோடயோ இருக்கிறாய்?”

“இருக்கிறன் அக்கா, தடிமன்தான். இப்ப சுகம்” என்றார் அண்ணை.

மலர்வளையம் ஒன்று கீழே விழுந்தது. பதாகைக்காரர்கள் அதை அவசரமாகச் சுருட்டினார்கள். தேவாரம் பாட வந்தவர் தொண்டையைச் செருமி நிறுத்திக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கெண்ட் அம்மையார் உள்ளே வந்தார். சோக உடையில் ஒரு கடை நிறைந்த கூட்டம் போத்தல்களைச் சுற்றிக் கண்ணீரோடு மௌனமாக நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“இவர்கள் ஏன் அழுகிறார்கள்?” என்று என்னைக் காதுக்குள் கேட்டார்.

“வைன் விஷயத்தில் எங்கள் ஆட்கள் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்கள்” என்றேன் ஆங்கிலத்தில்.

பிரான்ஸில்கூட வைனுக்கு இவ்வளவு மரியாதையைத் தான் காணவில்லை என்றார் அம்மையார். வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்ட சனம் ஆளுக்கொரு கிளாசை எடுத்தது. இடியப்பமும் சொதியும் பிரிக்கப்பட்டன. செத்தவர் உயிரோடு வந்த சந்தோஷத்திலோ, ஏமாந்த கோபத்திலோ, ஒரு வைன் பெட்டியும் விற்காமல் மிஞ்சவில்லை. அம்மையார் விற்கத் தரச் சம்மதித்து அங்கேயே கை கொடுத்துவிட்டுப் போனார். வேப் கதை அதோடு முடிந்தது. இப்போதும் ஹவுன்ஸ்லோ ஆட்கள் கடைக்கு வந்தால் வைன் என்று கேட்பதில்லை. “அண்ணை, ஒரு பொடி தாங்கோ” என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லோரும் போன பிறகு அண்ணை மூலைக்குள் கிடந்த பதாகையை எடுத்து விரித்தார். நெடுநேரம் தன் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வந்தது.

“அப்ப வைனுக்கு ஒருத்தரும் வரேல்லை” என்றார். முகம் செத்துப்போனது.

“இல்லை அண்ணை. உங்களுக்கு வந்தவை.”

“உவ்வளவு சனமுமோ?”

“உவ்வளவு சனமும்.”

பதாகையைச் சுருட்டி மடியில் வைத்தார். பிறகு மெதுவாக, “தம்பி, ஆராவது உண்மையா அழுதவையோ?” என்று கேட்டார்.

“தங்கமக்கா அழுதவ.”

“அவ சீரியலுக்கும் அழுவா. வேற?”

“வேற ஒருத்தரையும் நான் காணேல்லை அண்ணை” என்றேன்.

பொய் சொல்லவில்லை. விமான நிலையத்தில் இருந்து வந்த பஸ்ஸில், மேல்தட்டில், யூனிபோமோடு இருந்து விக்கி விக்கி அழுதுகொண்டு வந்தவனை நான் எப்படிக் காண்பது?