வண்டியின் குணம் தெரிந்தவர்

என்றைக்கோ தவணையில் வாங்கிய சின்ன செடான் காரை இன்னும் விற்காமல் வைத்திருப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கடலூரில் தெருவுக்கு ஒருவர் தேறுவார்; மஞ்சக்குப்பத்தில், ஆபீஸ்கள் அதிகம் என்பதால், தெருவுக்கு இரண்டு பேர். கண்டுபிடிப்பது சுலபம். காலையில், போக வேண்டிய இடம் எதுவும் இல்லாவிட்டாலும், வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணி உறுமவிட்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றுகொண்டிருப்பார். என்ன கேட்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார்.

இந்த இனத்தில் ஒரு நல்ல மாதிரி வேண்டுமென்றால் ஞானராஜைப் பாருங்கள். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் உள்ள அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டு. ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம்தான். வாங்கிய அன்று சந்தன நிறமாக இருந்து இப்போது ஆறிப்போன டீயின் நிறத்துக்கு வந்துவிட்ட அவருடைய செடானில், பின்பக்க இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும்; கண்ணாடியை ஏற்ற வேண்டுமென்றால் இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கிப் பிடித்து மேலே தள்ள வேண்டும்; ஏசி சிதம்பரம் ரோட்டில் ஆலப்பாக்கம் தாண்டினால்தான் குளிரும், அதுவும் மழை நாளில்; ரிவர்ஸ் விழ வேண்டுமென்றால் முதலில் மூன்றாவது கியரைத் தொட்டுவிட்டு வர வேண்டும்; பெட்ரோல் முள் பாதியிலேயே நின்று பல வருஷம் ஆகிறது என்பதால், டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்ற ரகசியம் ஞானராஜின் மனக்கணக்கில் மட்டும் இருக்கிறது. அப்படிப்பட்டவர், எலக்ட்ரிக் கார் வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியாக என்ன கேட்பார் தெரியுமா?

"நடுரோட்டுல சார்ஜ் தீந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

பதில் அவருக்கு வேண்டியதில்லை. எதிராளி பதிலை யோசிப்பதற்குள் பேட்டரி மாற்றும் செலவுக்குப் போய்விடுவார். அங்கிருந்து மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு, அங்கிருந்து கரண்ட் கட்டுக்கு, அங்கிருந்து இந்தக் காலத்துத் தகரத்தின் தரத்துக்கு. கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கு எலக்ட்ரிக் மேல ஒண்ணும் கோவம் கெடையாது" என்பார். எதிர்வீட்டு தேவநாதன் இந்தப் பேச்சை மனப்பாடமாகச் சொல்லுவார். பாவம், வேறு வழியில்லை. அந்தக் கார் மக்கர் பண்ணும்போதெல்லாம் பின்னால் நின்று தள்ளுகிறவர் அவர்தான். தள்ளுகிறவரிடம் காதையும் கேட்டால் கொடுக்கத்தானே வேண்டும்?

ஆனால் அந்தக் காரால் அதிகம் பட்டவர் தேவநாதன் அல்ல. ஞானராஜின் மனைவி ஜோதி மேரி.

ஜோதி மேரி பள்ளிக்கூட ஆசிரியை. டிரைவிங் ஸ்கூலில் முறையாகக் கற்று, முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர். அந்த லைசென்ஸ் வந்த நாளிலிருந்து பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது. சாவியைக் கேட்டபோதெல்லாம் ஞானராஜ் மறுத்ததே இல்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. "தாராளமா ஓட்டு, யாரு வேணாம்னா? ஆனா இது மத்த வண்டி மாதிரி இல்ல. குணம் தெரிஞ்சி ஓட்டணும்" என்பார். அந்தக் குணத்தை எப்போது கற்றுத் தருவீர்கள் என்று கேட்டால், அது சொல்லி வருவதில்லை என்பார். இப்படியே பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்கள். குணம் மட்டும் அவரிடமே இருந்தது.

இந்த நிலையில்தான், ஆறேழு மாசத்துக்கு முன், சிதம்பரத்தில் இருக்கும் ராபர்ட் எலக்ட்ரிக் கார் வாங்கினான். ராபர்ட், ஜோதி மேரியின் தம்பி. அவனுக்கும் நித்யா மேரிக்கும் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று எல்லோரும் பேசாமல் விட்ட பிறகு, ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஞானஸ்நானம். ஜோதி மேரிதான் குழந்தையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய். வெள்ளைக் கவுனும் மெழுகுவர்த்தியும் வாங்கி, கவுனில் தானே பூ வேலை செய்து, அட்டைப் பெட்டியில் வைத்து, வீட்டில் யாரும் அதன் பக்கத்தில் காபி டம்ளரோடு போகக்கூடாது என்று உத்தரவும் போட்டிருந்தார்.

அந்த வாரம் புதன்கிழமை கடலூருக்கு வேலையாக வந்த ராபர்ட், அங்கிருந்து ஆபீஸ் வேனில் பெங்களூர் போக வேண்டி வந்தது. காரை அக்கா வீட்டு வாசலில் விட்டான்.

"சனிக்கிழம நைட்டு ட்ரெய்ன்ல நேரா சிதம்பரம் போயிடுவேன் மாமா. ஞாயித்துக்கெழம வரும்போது நீங்க இதுலயே வந்துடுங்க."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் ஞானராஜ். இந்த இனத்தின் அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

வியாழக்கிழமை காலை அவர் மனசில் ஒரு கவலை புகுந்தது. ஓடாமல் நிற்கிற வண்டிக்கு பேட்டரி இறங்கிவிடும் என்பது அவர் அனுபவத்தில் கண்ட உண்மை. மச்சானின் வண்டி, புது வண்டி, தன் பொறுப்பில் விட்டுப் போன வண்டி. அப்படியே விட முடியுமா? செய்தித்தாளை எடுத்துக்கொண்டு போய் எலக்ட்ரிக் காரில் உட்கார்ந்து, ராபர்ட் காட்டிய பொத்தானை அழுத்தினார். சத்தமே வரவில்லை. ஏசி மட்டும் வந்தது. ஆலப்பாக்கம் வரை போகாமலே வந்தது. பேப்பரை விளையாட்டுப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் இறங்கினார். சாயங்காலமும் கடமை தவறாமல் போய் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை ஆபீஸ் இல்லை என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் கடமை இருந்தது. சீட்டைச் சாய்த்துக்கொண்டு செய்தார்.

பெங்களூரிலிருந்து ராபர்ட் போன் பண்ணினான்.

"அக்கா, மாமா வண்டிய எங்கியாவது எடுத்துக்கிட்டுப் போறாரா? ஏசி ஓடுதுன்னு செல்லுல காட்டுது."

"இல்லடா. உக்காந்திருக்காரு."

"எங்க போறதுக்கு?"

"எங்கியும் இல்ல."

ராபர்ட் போனை வைத்துவிட்டான். அக்கா வீட்டு விஷயங்களில் அவன் அதிகம் தலையிடுவதில்லை.

இதற்கிடையில் எண்பதுக்கு மேல் இருந்த சார்ஜ் ஐம்பதுக்கு வந்துவிட்டது. ஞானராஜுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தேவநாதனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

"பாத்தீங்களா? ஒரு அடி நகரல. சும்மா நிக்கும்போதே எறங்குது. இத நம்பி எப்படிங்க சிதம்பரம் போறது?"

"பாதி இருந்தாலே போயிட்டுத் திரும்பி வந்துடலாம்னு ராபர்ட் சொல்றான்" என்றார் ஜோதி மேரி, உள்ளேயிருந்து.

"அவன் சொல்லுவான். நம்ம வண்டிலயே போயிடுவோம். குழந்த விஷயம், ரிஸ்க் எடுக்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜோதி மேரி பட்டுப் புடவை கட்டி, கவுன் பெட்டியை இரண்டு கைகளிலும் ஏந்தி வாசலுக்கு வந்துவிட்டார். பூசை முடிந்த கையோடு ஞானஸ்நானம். அதை முடித்துவிட்டுச் சாமியார் கிராமத்துக் கோயில் ஒன்றுக்குப் பூசை வைக்கப் போக வேண்டும். ஞானத்தாய்க்காக அவர் காத்திருக்க மாட்டார் என்று நித்யா மேரி இரண்டு தடவை போனில் சொல்லிவிட்டாள். ஞானராஜ் செடானில் ஏறி, சிலுவை போட்டுக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

டக்.

மறுபடியும் திருப்பினார். இந்தத் தடவை அதுவும் இல்லை.

வாசகர்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். ஞானராஜுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. தினமும் காலையில் உறுமவிட்டு உயிரோடு வைத்திருந்த பழைய பேட்டரியை, புது வண்டிக்குப் பேட்டரி இறங்கிவிடுமே என்ற கவலையில் மூன்று நாளாக அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் அது. இறங்கி பானெட்டைத் திறந்தார். மூடினார். எதிர்வீட்டைப் பார்த்தார். பூட்டு தொங்கியது, தேவநாதன் குடும்பத்தோடு பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தெருக்கோடி வரை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் தள்ள யார் வருவார்கள்? கடைசியில் அவர் பார்வை சுற்றிச் சுற்றி வந்து ஜோதி மேரியின் மேல் நின்றது.

பட்டுப் புடவையோடு கார் தள்ளுவது ஜோதி மேரிக்குப் புதிதில்லை. தங்கை கல்யாணத்தில் தள்ளியிருக்கிறார். ஒரு ஈஸ்டர் பூசை முடிந்து, ஊரே பார்க்கத் தள்ளியிருக்கிறார். வேறென்ன செய்வது? உள்ளே உட்கார்ந்து கிளட்ச்சை விட வேண்டியவர், குணம் தெரிந்தவர் அல்லவா?

"இன்னைக்குத் தள்ள மாட்டேங்க" என்றார் ஜோதி மேரி. குரல் உயரவே இல்லை. பெட்டியைக் கொண்டுபோய் எலக்ட்ரிக் காரின் பின்சீட்டில் வைத்தார். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார்.

"ஜோதி, அது குணம் தெரியாத வண்டி."

"அதுக்குக் குணமே கெடையாதுங்க. நீங்க ஏறுங்க."

ஞானராஜ் ஏறினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், சொந்த மனைவி கார் ஓட்ட அவர் இடது பக்கம் உட்காருவது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்துப் பார்த்தார். யாருடைய கையோ போல் இருந்தது. கார் தெருமுனை திரும்பியபோது அவருடைய இடது கால் தானாகத் தரையை அழுத்தியது.

"கிளட்ச், கிளட்ச்."

"கிளட்ச்சே இல்லீங்க."

ஊர் தாண்டிச் சிதம்பரம் ரோட்டில் ஏறியதும் காதைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தார்.

"ஏதாவது சத்தம் கேக்குதா?"

"இல்லையே."

"அதான் பயமா இருக்கு."

ஜோதி மேரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு ஒரு லாரியை முந்தினார். கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, இடம் விட்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் முந்தினார். ஞானராஜ் திரும்பி மனைவியை உற்றுப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூலில் இப்படி ஓட்டச் சொல்லித் தர மாட்டார்கள்.

"எப்போ கத்துக்கிட்ட?"

"ராபர்ட் வண்டிலதான். பிச்சாவரம் வரைக்கும் நாலஞ்சு தடவ ஓட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கேன்."

"நான் எங்க இருந்தேன்?"

"அவன் வீட்டு வாசல்ல. நம்ம வண்டி சூடு ஆறட்டும்னு பானெட்டத் தொறந்து வச்சிக்கிட்டு நிப்பீங்களே, அப்பல்லாம்."

புதுச்சத்திரம் வந்தது, போனது. ஞானராஜ் தன் கைகளுக்கு ஒரு வேலை தேடினார். ஏசி குளிரவில்லை என்றால் தட்டிக் கொடுக்கலாம்; குளிர்ந்தது. கண்ணாடி ஏறவில்லை என்றால் தள்ளலாம், ஏறியது. அந்த வண்டி அவரிடம் எதையுமே கேட்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. சார்ஜைப் பார்த்தார். மளமளவென்று குறைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் மூன்று நாள் உட்கார்ந்து தீர்த்ததில் பாதிகூடக் குறையவில்லை.

கோயிலுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். ஜோதி மேரி குழந்தையைக் கையில் வாங்கினார். தலையில் தண்ணீர் விழுந்ததும் குழந்தை ஊரைக் கூட்டியது. நித்யா மேரி அழுதாள். ராபர்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எப்படி மாமா?"

"பரவாயில்ல. அக்காதான் ஓட்டுனா. நான் பக்கத்துல உக்காந்து சொல்லிக்கிட்டே வந்தேன்."

ஜோதி மேரி காதில் அது விழுந்தது. கவுனின் சுருக்கை நீவிவிட்டபடி பேசாமல் இருந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனசு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பினார்கள். ஜன்னலோரம் ஜோதி மேரி. பஸ் ஊரைத் தாண்டியதும் சொன்னார், "நம்ம வண்டியக் குடுத்துட்டு இந்த மாதிரி ஒண்ணு வாங்கிடலாங்க."

ஞானராஜ் வாயைத் திறந்தார். பேட்டரி செலவு, மழைத் தண்ணீர், கரண்ட் கட்டு, தகரம் எல்லாம் தொண்டை வரை வந்து வரிசையில் நின்றன. வெளியே வந்தது வேறொன்று.

"வாங்கலாம். ஆனா அந்த வண்டில எனக்கு என்ன வேல, ஜோதி?"

ஜோதி மேரி இதற்கு யோசிக்கவே இல்லை.

"பக்கத்துல உக்காந்து எங்கூடப் பேசிக்கிட்டு வாங்க. இத்தன வருஷத்துல ஒரு தடவ பேசிக்கிட்டு வந்திருக்கீங்களா? இஞ்சின் சத்தத்தத்தான் கேட்டுக்கிட்டு வந்தீங்க."

ஞானராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. கண்டக்டர் வருகிறாரா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். டிக்கெட் பஸ் கிளம்பியதுமே வாங்கியாகிவிட்டது.

கார் இல்லாத வாசகர்கள் இதுவரை நிம்மதியாகப் படித்திருப்பீர்கள். இந்த இனத்துக்குக் கார் அவசியமே இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் யார் போட்டாலும் ஓடுகிறதா, அல்லது சுவிட்சை லேசாகத் தூக்கிப் பிடித்து, குழாயில் ஒரு தட்டுத் தட்டி, நீங்கள் போட்டால் மட்டும்தான் ஓடுகிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம் என்று வீட்டில் சொன்னபோது, "எதுக்கு வீணா, நான்தான் இருக்கேனே" என்று சொன்னது யார்? வெளியூர் போன இடத்தில், தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று போன் வந்ததும் உங்களுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளு என்று இருந்ததா இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டாம். வீட்டிலும் சொல்ல வேண்டாம். அவர்களுக்கு அது எப்போதோ தெரியும். உங்கள் மனசு நோகக்கூடாது என்றுதான் இன்னும் வாளியில் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.