வேணும்னுதான் விட்ட கறை

தப்பு செய்கிறவர்கள் உண்டு. செய்த தப்பை மறைக்கிறவர்கள் உண்டு. மறைக்க முடியாமல் போனால் அடுத்தவர் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. இவர்களை எல்லாம் மன்னித்துவிடலாம், நம்மைப் போன்றவர்கள்தானே! நான் சொல்ல வருவது நான்காவது ரகம். இவர்களுக்குத் தப்பே நடக்காது. நடந்ததெல்லாம் இவர்கள் போட்ட திட்டம். முடிதிருத்தும் கடையில் ஒரு பக்கக் கிருதா காணாமல் போய் நீங்கள் பதறினால், "வேணும்னுதான் எடுத்தேன் சார், உங்க முகத்துக்கு இதான் எடுப்பு" என்கிறாரே, அவர் இந்த ரகம். மேடையில் பேச வந்ததை மறந்துவிட்டு, திருதிருவென்று விழித்து, கீழே இறங்கி வந்ததும் "நடுவுல ஒரு மௌனம் விட்டேனே, எப்படி?" என்று கேட்கிறாரே, அவரும்தான். இந்த இனத்துக்கு 'வேணும்னுதான்' என்று பெயர். நான் வைத்த பெயரில்லை. அவர்கள் வாயிலிருந்தே எடுத்தது.

இந்த இனத்தின் மகாராணியைப் பார்க்க வேண்டுமா? அங்கியம்மா வீட்டுப் பின்கட்டுக்கு வாருங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாருங்கள். மூன்று அண்டாக்களில் மாதுளைத் தோல், வெங்காயத் தோல், பெயர் தெரியாத பட்டை எல்லாம் கொதித்துக்கொண்டிருக்கும். கடுக்காய்த் தண்ணீரில் ஊறின துணி கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும். அங்கியம்மா சடங்கு நடத்துகிறவர்களுக்கும் தியானத்தில் உட்காருகிறவர்களுக்கும் அங்கி தைத்து விற்பவர். எல்லாம் இயற்கைச் சாயம். அண்டா தூக்குவது, தண்ணீர் நிரப்புவது, பேசாமல் இருப்பது ஆகிய மூன்று வேலைகளும் அவருடைய வீட்டுக்காரருக்கு. அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மீட்டரில் என்ன இருக்கிறதோ அதை எழுதியே பழக்கப்பட்டவர். பாவம், வாழ்க்கைப்பட்ட இடம் இப்படி.

இயற்கைச் சாயம் என்பது இந்த இனத்துக்கென்றே கிடைத்த வரம். கடைச் சாயம் டப்பாவில் போட்ட நிறத்தையே காட்டித் தொலைக்கும். இயற்கைச் சாயமோ யார் பேச்சையும் கேட்காது. தண்ணீர் மாறினால் நிறம் மாறும், மேகம் வந்தால் மாறும், அண்டாவைக் கழுவாமல் விட்டால் சொல்லவே வேண்டாம். ஆகவே காவி கேட்டவருக்குக் காக்கி வரும். "காக்கி மாதிரி இருக்கேம்மா" என்று அவர் இழுத்தால், "வேணும்னுதான் அடக்கி வெச்சேன். உங்களுக்குள்ள நெருப்பு ஏற்கெனவே ஜாஸ்தி" என்பார். வந்தவர் தன் நெருப்பை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டே வாங்கிப் போவார்.

திட்டுத்திட்டாகக் கறை விழுந்துவிட்டால்? அதற்குத்தான் பூவேலை. சின்னக் கறைக்கு ஓர் இலை, நடுத்தரக் கறைக்கு நிலா, பெரிய கறைக்குச் சிறகு விரித்த பறவை. ஒருமுறை அடுப்புப் பொறி பட்டுப் பொத்தலான அங்கியில் சூரியனே உதித்தது. அதை வாங்கியவர் சூரியனுக்கு என்ன தத்துவம் என்று கேட்க, அங்கியம்மா கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் விளக்கினார். வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

எல்லோரும் ஏமாந்தாலும் ஒருத்தி மட்டும் ஏமாற மாட்டாள். அங்கியம்மாவின் தங்கை. அவளுடைய கல்யாணத்துக்கு அக்கா தன் கையால் பீட்ரூட் சாயம் போட்டு ஒரு மேலாடை கொடுத்தார். பீட்ரூட் சாயம் துணியில் நிற்காது என்று தொழிலில் கால் வைத்த எவருக்கும் தெரியும். அக்கா அப்போதுதான் கால் வைத்திருந்தார். மழை பெய்தது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. ஊரே ஓடிவந்து, மாப்பிள்ளைக்கு எங்கே அடிபட்டது என்று கேட்டது. அழுத தங்கையிடம் அக்கா சொன்னது: "வேணும்னுதான்டி. ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்க பாரு!" அன்றிலிருந்து தங்கை அக்காவோடு அளந்துதான் பேசுவாள்.

அந்தத் தங்கை இப்போது சடங்கு நடத்தப் படித்துத் தேறிவிட்டாள். முதன்முதலாக ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டப் போகிறாள். இத்தனை வருஷம் கழித்து அவளாகவே அக்காவைத் தேடி வந்தாள். அங்கியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மாதுளை மஞ்சள்ல ஒண்ணு வேணும்க்கா. ஒரே நிறம். பூவேலையே வேண்டாம்."

"மார்ல ஒரு சின்னப் பறவை..."

"வேண்டாம். உன் பறவைக்கு அடியில என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அங்கியம்மா வாழ்நாளில் படாத பாடு பட்டார். அண்டாவை மூன்று தடவை தேய்த்தார். மஞ்சள் அருமையாக வந்தது. ஈர அங்கியைக் காயப்போட எடுத்துப் போகையில் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அந்தக் கொடிக் கம்பி துருப்பிடிச்சிருக்கும்மா. கயிறு கட்டித் தரேன், இரு."

"கம்பியும் இயற்கைதாங்க. நீங்க சும்மா இருங்க."

இரவில் தூறல் போட்டது. கடுக்காயும் துருவும் ஈரத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்? கருப்பு மை ஆகும். காலையில் பார்த்தால் அங்கியின் வயிற்றுக்குக் குறுக்கே, யாரோ அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் கருப்பாக ஒரு கோடு. துவைத்தால் போகாது. எலுமிச்சை தேய்த்தால் போகும், போகிற போக்கில் மஞ்சளையும் கூட்டிக்கொண்டு போகும். வேறு அங்கிக்குச் சாயம் போட நேரமில்லை, சடங்கு மறுநாள். கை தானாக ஊசியைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது.

தங்கை வந்தாள், பிரித்தாள், பார்த்தாள்.

"இந்தக் கோடு என்னன்னா," அங்கியம்மா ஆரம்பித்தார், "மேல வானம், கீழ பூமி. நடுவுல நீ. அதனாலதான் வேணும்னே..."

தங்கை அங்கியை மடித்து மேசைமேல் வைத்தாள். "நான் பழைய சட்டையிலயே நடத்திக்கிறேன்க்கா. வரேன் மாமா." வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தாள்.

இவள் இன்று படியிறங்கினால் இனி இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், "சொல்லித் தொலையேன்ம்மா!" என்று கத்தியேவிட்டார்.

அங்கியம்மா வாயைத் திறந்தார். மூடினார். முகம் சிவந்தது. முப்பது வருஷமாகப் பேசாத பாஷையைப் பேசுகிறவர்போல் நாக்கு புரண்டது.

"வே... வேணும்னு பண்ணலடி. தப்பு பண்ணிட்டேன். உங்க மாமா கயிறு கட்டறேன்னாரு, நான்தான் கேக்கல. பீட்ரூட்டும் தப்புதான். எனக்கு அப்ப ஒரு மண்ணும் தெரியாது." சொல்லிவிட்டு ஓவென்று அழுதார்.

ஒற்றைச் செருப்போடு நின்ற தங்கை சிரித்தாளா அழுதாளா என்று வீட்டுக்காரருக்குப் பிடிபடவில்லை. உள்ளே வந்து அங்கியை எடுத்துத் தலைவழியே மாட்டிக்கொண்டாள். "எடுப்பாத்தான் இருக்குக்கா" என்றாள்.

மறுநாள் சடங்கில் குழந்தையின் அம்மா அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டபோது தங்கை நிமிர்ந்து நின்று, "இது எங்க அக்கா பண்ணின தப்பு" என்றாளாம். கேட்டவர்கள் கண் கலங்கிவிட்டார்களாம். இதோடு முடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எங்கே முடிக்க விடுகிறார்கள்?

அடுத்த வாரமே வாசலில் கூட்டம். எல்லோருக்கும் வயிற்றில் கோடு போட்ட அங்கிதான் வேண்டும். 'தப்பு அங்கி' என்று பெயரும் பரவிவிட்டது. நைலான் கயிறு வாங்கிக் கட்டி, துருக்கம்பியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த வீட்டுக்காரரை அங்கியம்மா விரட்டினார். அவர் ஓடிப்போய் அதே கம்பியைக் கெஞ்சி வாங்கி வந்து திரும்பக் கட்டினார்.

அன்றைக்குப் பார்த்து வெயில் கொளுத்தியது. துருவுக்கு ஒட்ட நேரம் கொடுக்காமல் துணி மொறமொறவென்று காய்ந்துவிட்டது. முதல் ஆளாக வந்த பெண்மணி அங்கியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சுத்தமான மஞ்சள். ஒரு பொட்டுக் கறை இல்லை.

"கோட்டையே காணோமேம்மா?"

வீட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு நப்பாசைதான்.

"வேணும்னுதான் விட்டேன்," என்றார் அங்கியம்மா. "உங்களுக்குக் கோடு தேவையில்ல. நீங்க அதெல்லாம் தாண்டிட்டீங்க."

வீட்டுக்காரர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை தலைக்குச் சாயம் அடித்தீர்களே, இடது காதுக்குப் பின்னால் ஒரு பட்டை வெள்ளையாகவே விட்டுப்போயிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்?