கொடுத்த மோரைத் திருப்பி ஊற்றிக்கொண்டவள்

டம்ளரை நீட்டிக்கொண்டு ஆசையாக நிற்கும் ஒருவரிடம், 'இது மோர் இல்லைங்க, சாக்கடைத் தண்ணீர்' என்பதை எப்படிச் சொல்வது? மரியாதையாக, அவர் மனம் நோகாமல், முக்கியமாக அவர் நம்பும்படி? கல்யாணமாகி, மகள் எல்.கே.ஜி. போகிற இந்த நாளிலும் எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நம் கல்யாணமே நடந்திருக்காது என்கிறார் என் கணவர். அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேதியியல் படித்து முடித்து, வேங்கிக்கால் பக்கம் ஒரு சின்ன தனியார் ஆய்வகத்தில் சேர்ந்த புதிது. லாட்ஜ், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று ஊரின் கழிவுநீரெல்லாம் பாட்டிலில் எங்களிடம் வரும். அதில் எவ்வளவு அழுக்கு என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. வீட்டில் நான் 'தண்ணி டெஸ்ட் பண்ற வேலை' என்று மட்டும் சொல்லியிருந்தேன். (எந்தத் தண்ணீர் என்று அவர்களும் கேட்கவில்லை. அம்மா தெருவில் 'மினரல் வாட்டர் கம்பெனி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் திருத்தவில்லை.)

சேர்ந்ததிலிருந்து பாட்டில் கழுவுவதுதான் எனக்கு வேலை. வெளியே போய் சாம்பிள் எடுக்கும் வேலையை எங்கள் பொறுப்பாளர் பர்வீன் மேடம் எனக்குக் கொடுக்கவே இல்லை. காரணம் இருந்தது. நான் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற ரகம். ஒரு பாட்டிலைக் கழுவி வைத்துவிட்டு, கழுவினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவுவேன்.

அந்தப் பௌர்ணமிக்கு வழக்கமாகப் போகிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை தாண்டி ஒரு தங்கும் விடுதி. பௌர்ணமியன்று அங்கே கூட்டம் நிரம்பி வழியும்போதுதான் அவர்களுடைய சுத்திகரிப்புத் தொட்டி தாக்குப் பிடிக்கிறதா என்று பார்க்க முடியும். அன்று விட்டால் அடுத்த மாதம்தான்.

"நீ போறியா?" என்றார் பர்வீன் மேடம், வேறு வழியில்லாத குரலில்.

"போறேன் மேடம்."

"தொட்டிக்குள்ள போற தண்ணி, வெளிய வர்ற தண்ணி, ரெண்டும் வேணும். ஆக்சிஜன் டெஸ்ட்டுக்கு எடுக்கற பாட்டில விளிம்பு வரைக்கும் நிரப்பணும். காத்து கொஞ்சம்கூட உள்ள இருக்கக் கூடாது. ஐஸ் ஜாஸ்தியா போட்டுக்கோ. இத ஒழுங்கா கொண்ணாந்துட்டா இனிமே வெளி வேலையெல்லாம் உனக்குத்தான். இல்லன்னா..." என்று கழுவும் தொட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருவருக்கும் புரிந்தது.

சாம்பிள் எடுத்தவரைக்கும் ஒரு தப்பும் இல்லை. வெள்ளைக் கோட்டு, கையுறை, தலைக்கு வலைத்தொப்பி எல்லாம் முறைப்படி. உள்ளே போகும் தண்ணீரில் சமையலறைக் கஞ்சியும் குளியலறைச் சோப்பும் கலந்து, நன்றாகத் தண்ணீர் விட்டுக் கடைந்த மோர் போல வெளுப்பாக இருந்தது. விளிம்பு வரை நிரப்பி, மூடி, நீல நிற ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பௌர்ணமி என்பதால் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆட்டோ கிடைக்கும் இடம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே மூடி இறுகியிருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஒரு வேப்பமர நிழலில் பெட்டியை இறக்கி, திறந்து, ஒரு பாட்டிலை எடுத்து, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்தேன். இல்லை. நிம்மதியாக உள்ளே வைத்தேன். சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி எடுத்தேன்.

திரும்பிப் பார்த்தால் என் எதிரே வரிசை.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் பெட்டியோ பாத்திரமோ திறந்து வைத்துக்கொண்டு நிழலில் நிற்கிறவர் யாராக இருந்தாலும், அவர் ஏதோ கொடுக்கிறார் என்றுதான் அர்த்தம். என்ன கொடுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை, முதலில் நின்றுவிடுவார்கள். அன்னதானம் செய்கிறவர்களும் கையுறை, வலைத்தொப்பி போட்டிருப்பார்கள். அந்த வெயிலில், ஐஸுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பாட்டிலை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டியிருக்கிறேன் நான்!

வரிசையில் முதலாக நின்றவர் மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா. கையில் எவர்சில்வர் டம்ளர்.

"ஜில்லுனு மோரா பாப்பா? ஊத்து ஊத்து. நாக்கு ஒட்டிக்கிச்சு."

"இல்லைங்கம்மா, இது... டெஸ்ட்டுக்கு."

"டேஸ்ட்டுக்குன்னா கொஞ்சமா ஊத்து. பரவால்ல." (அவர் காதில் எந்தக் கோளாறும் இல்லை. இவ்வளவு தூரம் வந்து வரிசையிலிருந்து விலக மனம் வராமல் வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.)

"இது குடிக்கற தண்ணி இல்லைங்க!"

பின்னாலிருந்து ஒருவர், "வி.ஐ.பி.க்கு எடுத்து வச்சிருக்குது போல. நமக்கெல்லாம் குடுக்காது" என்றார்.

"அய்யோ இல்லைங்க. சாக்கடைத் தண்ணிங்க இது. கழிவுத் தண்ணி!"

வரிசையே சிரித்தது.

"கூட்டத்தக் கலைக்க இன்னாமா யோசன பண்ணுது பாரு! சாக்கடைய எவனாவது ஐஸ்ல வச்சித் தூக்கினு வருவானா?"

நியாயமான கேள்வி. நான் கூட அந்த இடத்தில் யோசித்துப் பார்த்தேன். எவன் தூக்கிக்கொண்டு வருவான்? நுண்ணுயிரிகள் வழியிலேயே அழுக்கைத் தின்று தீர்த்துவிடாமல் இருக்கக் குளிர்ச்சி வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தபோது, குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதைப் பார்த்து மஞ்சள் புடவை அம்மா இளகிப்போனார்.

"ஏம்மா, தனியா சமாளிக்க முடியலியா? ஏன் அழுவற? நீ அப்படி உக்காரு. நான் ஊத்தறேன். யோவ், தள்ளாதீங்கய்யா, வரிசையா வாங்க!"

சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தன் டம்ளரில் ஊற்றிவிட்டார். வேறு சில சோதனைகளுக்கான பாட்டில்களில் கெடாமலிருக்க அமிலம் விட்டிருந்தேன். அவர் கை நல்லவேளை அதில் படவில்லை. பட்டிருந்தால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அவர் எடுத்தது ஆக்சிஜன் பாட்டில். உள்ளே போகும் தண்ணீர். அடுத்த பௌர்ணமி வரை கிடைக்காத தண்ணீர்.

டம்ளர் அவர் வாய்க்குப் போனது. பாதி வழியில் மூக்குக்குச் செய்தி எட்டியது. முகம் மாறுவதற்குள் நான் பாய்ந்து டம்ளரைப் பிடுங்கிவிட்டேன். அதுவரை சரி. அதோடு நிறுத்தியிருந்தால் உயிர் காத்த உத்தமி என்று பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் என் மண்டைக்குள் 'விளிம்பு வரை, விளிம்பு வரை' என்று பர்வீன் மேடம் குரல் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

டம்ளரில் இருந்ததை ஒரு சொட்டு சிந்தாமல் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றி, இறுக்கி மூடினேன்.

வரிசை முழுவதும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"குடுத்தத வாய்கிட்டப் போனப்புறம் புடுங்கித் திருப்பி ஊத்திக்கினாளே!" என்றாள் ஒரு பாட்டி, நெஞ்சில் கைவைத்து. "அண்ணாமலையாரே, இப்படி ஒரு தர்மமா!"

அந்த மலையைச் சுற்றி எத்தனையோ பேர் எவ்வளவோ கொடுத்திருப்பார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மஞ்சள் புடவை அம்மாவுக்கு மட்டும் உண்மை மூக்கு வழியாகத் தெரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "நிஜமாவே அதாம்மா?" என்றார். தலையாட்டினேன். என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அதையும் முகர்ந்துவிட்டுத்தான் வாய் கொப்பளித்தார். அப்புறம் செய்ததுதான் ஆச்சரியம். திட்டவில்லை. "மோர் இல்லப்பா, போங்க போங்க, அந்தாண்ட பந்தல்ல குடுக்கறாங்க" என்று வரிசையை விரட்டிவிட்டு, பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோ கிடைக்கும் வரை கூடவே நடந்தார். எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று வழியெல்லாம் கேட்டார். அவமானத்தில் இருந்த நான் எல்லாவற்றுக்கும் ஒப்பித்துக்கொண்டே போனேன். வீட்டு விலாசம் உட்பட.

ஆய்வகத்தில் பர்வீன் மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"டம்ளர் காலியா இருந்துச்சா?"

அப்போதுதான் உறைத்தது. அதற்கு முந்தைய பந்தலில் அந்த அம்மா நிஜ மோர் குடித்திருந்தார். டம்ளர் அடியில் மிச்சம் இருந்தது.

"சரி, போட்டுப் பாக்கலாம். நீயும் கத்துக்கோ."

சில நாள் இன்குபேட்டரில் வைத்து எடுத்தால், அதைப் பிரித்து ஊற்றிய பாட்டில்களில் ஆக்சிஜன் துளிகூட இல்லை. மோர் எவ்வளவு சத்தான பொருள் என்பதை, அதைத் தின்று கொழுத்து ஆக்சிஜனையெல்லாம் சுவாசித்துத் தீர்த்த நுண்ணுயிரிகள் எனக்குக் கற்றுக்கொடுத்தன. "இன்னாடி இது, சாக்கடையா தயிர்க்கடையா?" என்றார் மேடம். அந்த மாதச் சோதனை செல்லாது. நான் கழுவும் தொட்டிக்கே திரும்பினேன்.

அந்த நாட்களில்தான் மஞ்சள் புடவை அம்மா தன் மகனோடு எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்.

என் அம்மா பெருமையாகத் தொடங்கினார்: "பொண்ணு பெரிய மினரல் வாட்டர் கம்பெனில..."

"தெரியும்ங்க. எனக்கே ஊத்திக் குடுத்துச்சு" என்றார் அவர். நான் காபித் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நடந்ததை அவர் சபையில் நடித்தே காட்டினார், டம்ளரைப் பிடுங்கியது வரை. அப்பா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"சாக்கடைத் தண்ணியவே இவ்ளோ உசுரா காப்பாத்தறவ, என் புள்ளையக் காப்பாத்த மாட்டாளா? அதான் வந்தேன்" என்றார் அவர். பிறகு காபியை எடுத்து, மெதுவாக முகர்ந்து பார்த்து, "குடிக்கலாமா? திருப்பிக் கேக்க மாட்டியே?" என்றார். மாப்பிள்ளை சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போனது.

அடுத்த பௌர்ணமிக்கு, கெடுத்தவளே சரி பண்ணட்டும் என்று மேடம் என்னையே அனுப்பினார். பெட்டியின் நான்கு பக்கமும் 'கழிவுநீர். குடிக்காதீர்' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். (அப்போதும் இரண்டு பேர், "உள்ள மோர் இருக்குதா?" என்று கேட்டார்கள்.) பாட்டில் விளிம்பு வரை நிரம்பி வந்து சேர்ந்தது. மேடம் இப்போது வேலூரில் மகனோடு இருக்கிறார். அவருடைய இடத்தில் நான். புதிதாக வந்திருக்கும் பெண் பாட்டிலைக் கழுவிவிட்டு மறுபடி கழுவும்போது, பார்க்காதது போல் போய்விடுகிறேன். அந்த வேப்பமர நிழல் வழியாகப் போகும்போதெல்லாம், அழுதுகொண்டு நின்ற வெள்ளைக் கோட்டுப் பெண்ணைத் தேடுகிறேன். பெட்டியின் ஒரு பக்கம் பிடிக்கலாம் என்றுதான்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் மோர் கொடுத்தால் மாமியார் முகராமல் குடிப்பதில்லை. மகளும் கற்றுக்கொண்டாள். பள்ளியில் பக்கத்துப் பெண்ணுக்கு ஜூஸ் கொடுத்து, வாய்கிட்டப் போனதும் பிடுங்கித் தன் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றிவிட்டாளாம். "எங்க வீட்டுல இப்படித்தான் மிஸ்" என்றாளாம்.

இந்த நிலையில்தான் மாமியார் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். வரும் சித்திரைப் பௌர்ணமிக்கு, அதே வேப்பமரத்தடியில், எங்கள் குடும்பம் நீர்மோர் கொடுக்க வேண்டும். ஊற்றப் போவது நான். "உன்னால ஒருத்தரும் குடிக்காம போனாங்கல்ல, இப்ப நிஜமா குடு." அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று. மோருக்கான தண்ணீரை நான் ஏற்கெனவே சோதித்துவிட்டேன். நாளைக்கு மறுபடி சோதிப்பேன்.

என் பயம் வேறு. அன்று வரிசையில் நின்ற யாராவது மறுபடி வந்து நின்று, என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டால்? அப்போது சொன்ன உண்மையை நம்பாதவர்கள், இப்போது 'இது மோர்தாங்க' என்றால் நம்புவார்களா? முதல் டம்ளரை நானே குடித்துக் காட்டுவதா, மாமியாரைக் குடிக்கச் சொல்வதா? (அவர் முகர்ந்து பார்ப்பாரே!) விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பௌர்ணமிக்கு முன்னால் சொன்னால் உபகாரமாக இருக்கும். மகள் வேறு, அந்த நீலப் பெட்டியில்தான் மோர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.